இடது கன்னத்துப் பச்சை

ஜூன் 26, திங்கள்

ஆடி பிறக்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அதற்குள் காற்று வந்துவிட்டது. மொட்டை மாடியில் காயப்போட்ட அப்பாவின் வேட்டிகளில் ஒன்று பறந்துபோய்ப் பக்கத்துத் தோட்டத்துத் தென்னையில் சிக்கிக்கொண்டது. உடுமலைக்குத் திரும்பி வந்து ஒன்றரை வருடமாகிறது. பள்ளிக்கூடத்தில் நான் எடுக்கும் பகுதிநேர ஓவிய வகுப்பும் அப்பாவின் படுக்கையும் பழகிவிட்டன. இந்தக் காற்று மட்டும் பழகவில்லை.

மத்தியானம் சிவக்கொழுந்து வந்தார், ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். டாக்டர் குழந்தைவேலு வைத்தியம் பார்க்க ஆரம்பித்து ஐம்பது வருடம் ஆகிறதாம். ஆகஸ்டில் பாராட்டு விழா. அதில் திறந்து வைக்க ஒரு ஓவியம் வேண்டுமாம்.

"போட்டோவப் பெருசு பண்ணி வெச்சிரலாம்னுதான் இருந்தோமுங்க. டாக்டர்தான், ராக்கியப்பன் மக தமயந்திதான் வரையோணும்னு புடிவாதமா நிக்கறாரு."

நான் வரைகிற முகம் பார்த்த மாதிரி இருக்காது, நெற்றி நீலமாகவும் தாடை ஆரஞ்சாகவும் வரலாம் என்று சொன்னேன். அவர் சிரித்தார், விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு. கல்லூரியில் இதற்கு வெளிப்பாட்டியம் என்று பெயர் சொல்லிக் கொடுத்தார்கள். பெயர் எதுவானால் என்ன? பயந்தவனைப் பழுப்பில் போட்டால் அவனுடைய தோல்தான் கிடைக்கும், பயம் கிடைக்காது. இருபது வருடத்தில் நான் கற்றுக்கொண்டது அவ்வளவுதான்.

சரி என்று சொல்லிவிட்டேன். டாக்டரை ஊரில் எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எனக்கு எட்டு வயதாக இருக்கும்போது அம்மா இறந்தது அவருடைய ஆஸ்பத்திரியில்தான். இதயம் நின்றுவிட்டது. அதில் எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 30, வெள்ளி

அப்பாவைப் பார்த்துக்கொள்ள வரும் மரகதத்தின் மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, இன்று மரகதம் வரவில்லை. அப்பாவைத் துடைத்து, உடை மாற்றி, இட்லி ஊட்டியது எல்லாம் நான்தான். பக்கவாதம் வந்த பிறகு அவருக்கு வலது கை எழவில்லை. பேச்சு குழறும், ஆனால் எனக்குப் புரியும். மாத்திரை மட்டும் கொடுக்கவில்லை. அந்தப் பெயர்களெல்லாம் எனக்குக் குழம்பும். ஒரு நாள் விட்டால் ஒன்றும் ஆகிவிடாது.

ஜூலை 1, சனி

மரகதம் வந்ததும் பிரஷர் பார்த்துவிட்டுக் கத்தினாள். நூற்றெண்பது.

"டப்பாவுல காலை, மத்தியானம், சாயந்தரம்னு பிரிச்சுத்தானுங்க வெச்சிருக்கறேன்? எடுத்து வாயில போடறதுக்கென்னங்க டீச்சர்?"

அப்பா சுவரைப் பார்த்தபடி, "அவள விடு" என்றார்.

ஜூலை 3, திங்கள்

முதல் அமர்வு. டாக்டரின் வீட்டை ஒட்டி அவருடைய பழைய ஆஸ்பத்திரிக் கட்டடம் பூட்டிக் கிடக்கிறது. அதில் ஒரு அறையைப் பெருக்கித் துடைத்து வைத்திருந்தார்.

"கெழக்கால சன்னல். வெளிச்சம் நல்லா வருது பாரு அம்மணி. இந்த ரூம் உனக்கு ஆகுமா?" என்று கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

ஆகும் என்றேன்.

"வேண்டாம்னா வேற ரூமும் இருக்குது."

இதுவே போதும் என்றேன். வெறும் அறைதான். சுண்ணாம்புச் சுவர், அலுமினியச் சன்னல், ஒரு மர நாற்காலி. சன்னலுக்கு வெளியே காற்றாலைகள் வரிசையாகச் சுற்றிக்கொண்டிருந்தன. உள்ளே ஸ்பிரிட் வாசனை. நிறம் கரைக்க நான் கொண்டுபோன டர்பன்டைன்தான் அப்படி மணக்கிறது என்று நினைத்தேன். ஆனால் டர்பன்டைன் பாட்டிலை அப்போது நான் திறந்திருக்கவில்லை.

டாக்டருக்கு எண்பது வயது. ஒல்லி, முழு நரை, சின்னக் குரல். நான் சொல்வதற்கு முன்பே இடது கன்னம் வெளிச்சத்தில் இருக்கும்படி உட்கார்ந்தார். படம் வைக்கிற ஸ்டாண்டைக் கதவோரம் வைத்துக்கொண்டேன். கரிக்கோலில் நாலைந்து கோடுகள் போட்டேன். அதிகம் பேசிக்கொள்ளவில்லை.

காவியும் ஆரஞ்சும் வைத்து ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறேன். ஊரில் பாதிப் பேருடைய நெற்றியைத் தொட்டுப் பார்த்த மனிதர். சூடான நிறம்தான் பொருந்தும்.

ஜூலை 7, வெள்ளி

காவி நன்றாக உட்கார்ந்தது. நெற்றி, மூக்கு, வலது கன்னம் எல்லாம் அடுப்பு வெளிச்சம் பட்ட மாதிரி வந்துகொண்டிருந்தன. பதினொரு மணிக்குத் தூரிகையைக் கழுவிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். இடது கன்னத்தில், கண்ணுக்குக் கீழிருந்து தாடை வரைக்கும், ஒரு பச்சை இருந்தது.

இலைப் பச்சையோ கிளிப் பச்சையோ இல்லை. தேங்கிய தண்ணீரில் வெயில் விழுந்தால் அடியில் தெரியுமே, அப்படி ஒரு மங்கல். நான்தான் போட்டிருக்க வேண்டும். எப்போது கலந்தேன் என்று நினைவில்லை.

கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டேன். டாக்டர் நாற்காலியில் இருந்தபடியே கேட்டார்.

"என்ன அம்மணி, எடுக்கறயா?"

"நிறம் தப்பா விழுந்துருச்சுங்க."

"தப்பாத்தான் விழுந்துச்சா?"

அவர் உட்கார்ந்த இடத்திலிருந்து படம் தெரியாது.

ஜூலை 10, திங்கள்

பச்சைக் குழாய்கள் மூன்றையும் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனேன். நீலத்தையும் கொண்டுபோகவில்லை. மஞ்சள், காவி, சிவப்பு, வெள்ளை, கறுப்பு, அவ்வளவுதான்.

மறுபடியும் வந்துவிட்டது. அதே இடம், அதே அளவு. நிறம் குழைக்கிற பாலெட்டைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. எலுமிச்சை மஞ்சளில் கறுப்பைத் தொட்டுக் குழைத்திருக்கிறேன். மஞ்சளும் கறுப்பும் சேர்ந்தால் பச்சை வரும். அது எனக்குத் தெரியாதா? தெரியும். கைக்கும் தெரிந்திருக்கிறது.

சுரண்டவில்லை. ஏற்கனவே சுரண்டிய இடத்தில் படத்துணி மெலிந்துவிட்டது.

ஜூலை 11, செவ்வாய்

ஆறாம் வகுப்பில் வண்ணச் சக்கரம். வீட்டுக்கு வந்து அரிசி களைந்தேன். மழை வரும் போலிருந்து வரவில்லை.

படத்தை ஃபோனில் எடுத்து வைத்திருந்ததை மரகதம் பார்த்தாள். ஃபோனை இப்படியும் அப்படியும் திருப்பினாள்.

"எப்படி இருக்குது?" என்றேன்.

"எனக்கு இதெல்லாம் தெரியாதுங்க டீச்சர். ஆனா யாரோ சாகறதப் பாத்துட்டு இருக்கற மூஞ்சியாட்ட இருக்குது."

ஃபோனை என் கையில் கொடுத்துவிட்டு அப்பாவுக்குக் கஞ்சி காய்ச்சப் போனாள்.

ஜூலை 14, வெள்ளி

கோயமுத்தூரில் இரண்டு வருடத்துக்கு முன் நடந்த என் கண்காட்சியின் கையேட்டைத் தேடி எடுத்தேன். பத்தொன்பது முகங்கள். பால் ஊற்றும் அம்மாள், கல்லூரி வாத்தியார், பஸ் கண்டக்டர், என்னைவிட்டுப் பிரிந்துபோன கணவர். ஒவ்வொன்றாகக் கன்னத்தைப் பார்த்துக்கொண்டு வந்தேன். பதினாலு முகங்களில் அந்தப் பச்சை இருக்கிறது. பதினாலும் இடது கன்னம்.

முன்னுரை எழுதியவர் அதை என்னுடைய கையெழுத்து என்று பாராட்டியிருக்கிறார். பழக்க தோஷம். ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம் அமைந்துவிடும். பதினாலு என்பது அப்படியொன்றும் பெரிய எண்ணிக்கை இல்லை.

ஜூலை 17, திங்கள்

ஆடி ஒன்று. சிவக்கொழுந்து படத்தைப் பார்க்க அந்த அறைக்கே வந்துவிட்டார். டாக்டர் அப்போது வீட்டுக்குள் இருந்தார். சிவக்கொழுந்து கிட்டே போயும் தள்ளி நின்றும் பார்த்தார்.

"ஏனுங்க டீச்சர், டாக்டருக்கு உடம்பு ஏதாச்சும் சரியில்லைங்களா?"

"நல்லாத்தானுங்க இருக்காரு."

"அப்ப இந்தப் பச்சையக் கொஞ்சம் மாத்திருங்க. ஊருசனம் பயந்துக்கும்." அப்புறம் தலையைச் சாய்த்துப் பார்த்தார். "இன்னொண்ணுங்க. நீங்க நின்னுட்டுத்தான வரையறீங்க?"

"ஆமாங்க."

"படத்தப் பாத்தா கீழ இருந்து அண்ணாந்து பாத்த மாதிரியில்ல இருக்குது?"

அவர் போன பிறகு பார்த்தேன். தாடை பெரிதாக இருக்கிறது. மூக்குத் துவாரங்கள் தெரிகின்றன. நெற்றி பின்னால் போய்ச் சின்னதாகிவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் கிழவரை நான் நின்றுகொண்டுதான் வரைகிறேன். அவருடைய உச்சந்தலைதான் எனக்குத் தெரிய வேண்டும்.

கோணம் பிசகிவிட்டது. திருத்த வேண்டும்.

ஜூலை 18, செவ்வாய்

திருத்தவில்லை. டாக்டர் இன்று கேட்டார்:

"உனக்குச் சின்ன வயசு எது வரைக்கும் ஞாபகம் இருக்குது அம்மணி?"

"ரண்டாவது மூணாவது படிச்சதிலிருந்து இருக்குதுங்க."

"அதுக்கு முன்னாடி?"

"கொஞ்சம் கொஞ்சம்."

"அம்மா ஞாபகம்?"

இல்லை என்றேன். அவர் தலையாட்டினார். சன்னல் காற்றில் அதிர்ந்துகொண்டே இருந்தது. எழுந்துபோய் இழுத்துச் சாத்தினேன்.

ஜூலை 21, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

டாக்டர் இன்று நாற்காலிக்குப் போகவில்லை. நேராகப் படத்தின் முன்னால் வந்து நின்றார். இத்தனை நாளில் ஒரு தடவைகூட அவர் பார்க்கக் கேட்டதில்லை. கைத்தடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பச்சைத் துணி" என்றார்.

"என்னங்க டாக்டர்?"

"இந்த சன்னலுக்கு அப்பப் பச்சைத் துணி போட்டிருந்தோம். ஆப்பரேசனுக்கு வாங்குனதுல மிச்சம். காலைல வெயில் அதுல பட்டு என்ற மூஞ்சில விழுகும். நர்ஸுங்க கிண்டல் பண்ணுவாங்க." தடியின் நுனியால் தரையைக் காட்டினார். "நீ இங்கதான் நின்னே. கதவோரமா. இவ்வளவு ஒசரம்தான் இருந்தே. இப்ப ஸ்டாண்டு வெச்சிருக்கறயே, அதே எடம்."

நான் அந்த இடத்தைப் பார்த்தேன்.

"கோயமுத்தூர்ல உன்ற படமெல்லாம் வெச்சிருந்தப்ப வந்து பாத்தேன். வரிசையா மூஞ்சி. முக்காவாசியில இந்தப் பச்சை. வெளிய வந்து கார்ல உக்காந்துட்டேன், மூச்சு வாங்குச்சு. இந்தப் பொண்ணுக்கு எல்லாம் தெரியும், ஊரறியச் சொல்லிட்டு இருக்குதுன்னு நெனச்சேன். அதுக்குத்தான் உன்னையக் கூப்புட்டேன். இந்த ரூமுக்கே கூப்புட்டேன். நீயாக் கேப்பேன்னு தெனமும் உக்காந்திருந்தேன். நீ கேக்கவே இல்ல."

"எனக்கு எதுவும் தெரியாதுங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் சொன்னது நிஜம் என்று புரிந்திருக்க வேண்டும். நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"உங்கம்மாவுக்குத் தொண்டைக் காய்ச்சல். பென்சிலின் போட்டேன். மொதல்ல கொஞ்சூண்டு போட்டு, உடம்பு ஏத்துக்குதான்னு பாத்துப்போட்டுத்தான் முழுசும் போடோணும். அன்னிக்கு வெளிய நெம்பக் கூட்டம். நான் பாக்கல. அஞ்சு நிமிசங்கூட ஆகல. அவங்க இதயத்துல ஒரு கொறையும் இல்ல அம்மணி."

இதை எழுதும்போது கை நிதானமாகத்தான் இருக்கிறது. அதையும் குறித்து வைக்கிறேன்.

இனி எழுதப்போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை, கணவரிடமும் சொன்னதில்லை, இந்த நோட்டிலும் எழுதியதில்லை. அன்றைக்கு அம்மா தலை வலிக்கிறது என்றாள். பர்ஸில் காகிதத்தில் மடித்த மாத்திரை இருக்கிறது, எடு பாப்பா என்றாள். எடுத்துக் கொடுத்தேன். தண்ணீரும் கொடுத்தேன். பிறகு டாக்டர் வந்து ஊசி போட்டார். அம்மா கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் திரும்பி என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்.

"'பாப்பா, அம்மாவுக்கு என்ன குடுத்தே'ன்னு கேட்டீங்க" என்று இன்று அவரிடம் சொன்னேன்.

"கேட்டேன்."

"எதுக்குங்க கேட்டீங்க?"

வேறு காரணம் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன்.

"நர்ஸ் என்ற கையில இருந்த ஊசியவே பாத்துட்டு இருந்துச்சு. அது உன்னையப் பாக்கட்டும்னு கேட்டேன்."

ஜூலை 22, சனி

பள்ளிக்கூடம் உண்டு. போனேன். வந்தேன்.

ஜூலை 29, சனி

ஒரு வாரம் நோட்டைத் திறக்கவில்லை. மத்தியானம் அப்பாவுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். மரகதம் கடைக்குப் போயிருந்தாள். வெட்டிக்கொண்டே சொன்னேன். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

"அம்மா செத்தது ஊசியாலங்கப்பா. டாக்டரே சொன்னாரு."

அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. "மாத்திரை?" என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"நீ குடுத்த மாத்திரையால இல்லியா கண்ணு?"

அந்த மாத்திரையைப் பற்றி நான் அவரிடம் ஒரு நாளும் வாயைத் திறந்ததில்லை.

அவர் ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்துச் சொன்னார். நான் இங்கே சேர்த்து எழுதுகிறேன். "நர்ஸ் சொல்லுச்சு, பாப்பா ஏதோ மாத்திரையக் குடுத்துருச்சுன்னு. டாக்டர்கிட்டப் போயிக் கேட்டேன். அதெல்லாம் இப்ப எதுக்கு ராக்கியப்பன், போனவங்க போயிட்டாங்க, கொழந்தைய ஒண்ணும் கேட்றாதீங்கன்னாரு. எவ்வளவு நல்ல மனுசன்னு கையெடுத்துக் கும்புட்டுட்டு வந்தேன். வெளிய யாரு கேட்டாலும் இதயம்னு சொன்னேன். உங்கிட்டயும் சொன்னேன்."

"என்னைய ஒரு தடவகூடக் கேக்கலியேப்பா."

"கேட்டா உனக்குத் தெரிஞ்சு போயிருமில்ல. நீ மறந்துட்டேன்னு நெனச்சுட்டு இருந்தேன்."

இந்த வீட்டில் அம்மா பேச்சே எழுந்ததில்லை. அவர் என்னை மன்னிக்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சி என்று நினைத்திருந்தேன். பதினேழு வயதில் சென்னைக்குப் போனவள் தீபாவளிக்குக்கூட வராமல் இருந்ததற்கு வேறு காரணமே கிடையாது. மில்லில் ஃபிட்டர் வேலை முடிந்து வந்து, கிரீஸ் போகக் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு, எனக்கு இரட்டைச் சடை பின்னிவிட்ட மனிதர். நான்தான் கொன்றேன் என்று நம்பிக்கொண்டே பின்னியிருக்கிறார்.

இடது கையில் இரண்டு விரல்கள் பாக்கி இருந்தன. வெட்டி முடித்தேன்.

ஆகஸ்ட் 4, வெள்ளி

டாக்டர் மூன்று முறை ஃபோன் செய்தார். மூன்றாவது முறை எடுத்தேன். "படத்த முடிச்சுக் குடு அம்மணி. பச்சைய எடுக்காத" என்றார். முடிக்காமல் விட்டால் அது என்னோடுதான் இருக்கும். போனேன்.

கன்னத்தில் மெலிந்திருந்த ஓர் இடத்தை மூட வேண்டியிருந்தது. மஞ்சளை வைத்துக் கறுப்பைத் தொட்டுக் குழைத்தேன். வரவில்லை. இன்னும் கொஞ்சம் கறுப்பு, இன்னும் கொஞ்சம் மஞ்சள், அப்போதும் இல்லை. விரிடியன் என்ற பச்சைக் குழாயைத் திறந்து பார்த்தேன். வேலிக்கு அடிக்கிற பெயிண்ட் மாதிரி வெறும் பச்சை. இத்தனை வருடம் கேட்காமலே வந்துகொண்டிருந்த நிறத்தை, தெரிந்தே கலக்க உட்கார்ந்தால் கை மறந்துவிட்டது. அந்த இடத்தைத் துணி தெரிகிறபடியே விட்டேன்.

டாக்டர் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அவர் மேல் எனக்குக் கோபம் இருந்திருக்க வேண்டும். அது இங்கே வரட்டும், இன்ன நிறமாக வரட்டும் என்று காத்திருந்தேன். கடைசியில் வலது கண்ணின் ஓரத்தில் சிவப்பு ஒரு தீற்று விழுந்தது. அவ்வளவுதான் வந்தது.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

விழா. மண்டபத்தில் ஐந்நூறு பேர் இருப்பார்கள். வாசலில் டாக்டர் சிரிக்கிற ஃப்ளெக்ஸ். அவர் கையில் பிறந்தவர்கள் தங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள்.

பதினொன்றரைக்குத் திரையை விலக்கினார்கள். முன் வரிசையில் மடியில் இருந்த ஒரு பெண்குழந்தை வீரிட்டு அழ ஆரம்பித்தது. அதன் அப்பா தூக்கிக்கொண்டு வெளியே போனார். அதன் பிறகுதான் எங்கோ பின்னாலிருந்து கைதட்டல் ஆரம்பித்து முன்னால் வந்தது.

டாக்டர் மைக்கைப் பிடித்தார். அந்தச் சின்னக் குரலில், சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"இது என்ற மூஞ்சிதான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எம்பத்தொம்பதுல இந்த ஓவியப் பொண்ணோட அம்மா மயிலாத்தாளுக்கு நான் ஊசி போட்டேன். பரிசோதிக்காமப் போட்டேன். அந்தம்மா செத்துட்டாங்க. அது என்ற தப்பு. பழிய இந்தக் கொழந்தை மேல விழ விட்டேன்."

ஒரு நிமிடம் ஏதோ நடக்கப்போகிறது என்று நினைத்தேன். சிவக்கொழுந்து எழுந்து அவரை அணைத்தாற்போல் பிடித்து மைக்கை வாங்கினார். சிவக்கொழுந்தின் கண்ணில் நிஜமாகவே தண்ணீர்.

"பாத்தீங்களா சனங்களே! அம்பது வருசத்துல லட்சம் பேரப் பொழைக்க வெச்ச மனுசன், போன ஒத்த உசுர இன்னும் மறக்கலீங்க! இந்த மனசு யாருக்குங்க வரும்?"

ஐந்நூறு பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். டாக்டர் ஒரு கையைத் தூக்கி இல்லை இல்லை என்று ஆட்டினார். கையசைக்கிறார் என்று நினைத்து இன்னும் பலமாகத் தட்டினார்கள். அவர் என்னைத் தேடினார். நான் தூணருகில் நின்றிருந்தேன். பக்கத்தில் இருந்த ஒரு அம்மாள் தட்டிக்கொண்டே என் முழங்கையை இடித்து, "நீயும் தட்டு கண்ணு" என்றாள்.

ஆகஸ்ட் 16, புதன்

சாயந்தரம் நாலு மணிக்கு டாக்டர் வீட்டுக்கு வந்தார். காரைத் தெருமுக்கிலேயே நிறுத்திவிட்டு, காற்றில் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். அப்பாவைத் தலையணை வைத்து நிமிர்த்தி உட்கார வைத்தேன். டாக்டர் எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்தார். பதினெட்டு நாளாக யாருக்கும் கேட்காமல் அப்பா மனதுக்குள் என்ன ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியாது. திட்டுவார் என்றுதான் நினைத்தேன்.

டாக்டர், "ராக்கியப்பன், நான்..." என்று ஆரம்பித்தார். அப்பா இடது கையைத் தூக்கி நிறுத்தினார்.

"அவ... கடைசில... என்ன சொன்னா?"

டாக்டருக்கு முதலில் புரியவில்லை. நான் எடுத்துச் சொன்னேன். "அம்மா கடைசியா என்ன சொன்னாங்கன்னு கேக்கறாருங்க."

டாக்டர் தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்.

"மூச்சு அடைச்சுப் போச்சு. அதோட என்ற கையப் புடிச்சு இழுத்தாங்க. 'பாப்பாவ அக்கட்டால கூட்டிட்டுப் போங்க. அவ பாக்க வேண்டாம்'னாங்க."

"கூட்டிட்டுப் போனீங்களா?"

"இல்ல."

அப்பா தலையை மெல்ல ஆட்டிக்கொண்டே இருந்தார். வாயோரம் எச்சில் வழிந்தது, துடைத்துவிட்டேன். "அவ அப்படித்தான் சொல்லுவா" என்றார், என்னிடம். அப்புறம் டாக்டரைப் பார்த்து, நான் எடுத்துச் சொல்லத் தேவையில்லாத தெளிவோடு சொன்னார்:

"நீங்க போலாமுங்க."

படி இறங்கும்போது டாக்டர் தடுமாறினார். பிடித்துக்கொள்ளக் கை நீட்டினேனா, இல்லையா? நீட்டவில்லை. அவராகவே சுவரைப் பிடித்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 17, வியாழன்

காலையிலிருந்து முயற்சி செய்கிறேன். அந்த அறையில் நான் நின்றிருக்கிறேன். டாக்டரின் தாடை, பச்சைத் துணி, நர்ஸின் ரப்பர் செருப்பு எல்லாம் இப்போது கேட்டவுடன் வருகின்றன. அம்மா அதைச் சொன்ன குரல் வரவில்லை. அவள் முகமும் வரவில்லை. இத்தனை வருடமும் நான் தப்பான முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

வீட்டில் இருப்பது கறுப்பு வெள்ளையில் ஒரே ஒரு கல்யாண ஃபோட்டோ. பத்து மணி வெயிலுக்கு அப்பாவைச் சக்கர நாற்காலியில் வைத்து வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தேன்.

"அப்பா, அம்மா என்ன நெறம்?"

அவர் சிரித்தார். பக்கவாதம் வந்த பிறகு அந்தச் சிரிப்பு ஒரு பக்கம்தான் வரும்.

"என்ன நெறம்னு... கேட்டா... என்னத்தச் சொல்ல?" மூச்சு வாங்கினார். "கோவம் வந்தா... காது செவக்கும்."

"மூஞ்சி செவக்காதா?"

"மூஞ்சி செவக்காது. காது மட்டுந்தான். அத வெச்சுத்தான்... நான் கண்டுபுடிப்பேன்."

"எந்தக் காதுங்கப்பா?"

இடது கையைத் தூக்கினார். ஒரு காதைத் தொட்டார். யோசித்துவிட்டு, தலையைச் சுற்றிக் கையைக் கொண்டுபோய் இன்னொரு காதையும் தொட்டார்.